தானாகக் கழலும் நட்டு

ரயிலில் டிக்கெட் சோதிப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக மனித முகத்தைப் படித்துப் பிழைக்கிறேன். டிக்கெட் இல்லாதவன் மூன்றில் ஒன்றைச் செய்வான்: தூங்குவான், ஜன்னலுக்கு வெளியே அதிசயம் பார்ப்பான், அல்லது என்னிடமே மணி கேட்பான். என் காதில் எவனும் பூச்சுற்ற முடியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பீற்றலை ஒரு பித்தளை நட்டு பதினோரு நாளில் அடக்கிவிட்டது.

எங்கள் சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒரு சின்ன அலமாரி. அதன் கதவைத் திறந்தால் சுவரிலிருந்து ஒரு வால்வு நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மேலே குழாய்க்கு வளையக்கூடிய ட்யூப் ஒன்று போகிறது. இரண்டும் சேருகிற இடத்தில் இருப்பதுதான் நான் சொல்லும் நட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தேன். அலமாரிக் கதவுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. திறந்து நட்டின் அடியில் விரலை வைத்தேன். விரல் நுனியில் ஒரு சொட்டு வந்து உட்கார்ந்தது.

"என்னங்க, கசியுதா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் என் மனைவி.

"நாள் பூரா இங்கதானே நிக்கிற, உன் கண்ணுல படலையா?"

"நான் எங்க பார்த்தேன்? பெரிய ரிப்பேரா இருக்கும்போல. யாராவது ஆளைக் கூப்பிடணுமோ?"

"ஆளா? எதுக்கு ஆளு?" என்று ஸ்பேனரை எடுத்து ஒரு கால் சுற்று இறுக்கினேன். சொட்டு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் வாடியிருந்தது. என் கைத்திறமையைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பைப்புக்கு ஆள் கூப்பிடுவது எங்கள் வீட்டில் பேசக்கூடாத பேச்சு. ஏனென்றால் அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், பிளம்பர். அவன் எங்கள் வாசற்படி மிதித்து இரண்டு வருடம் ஆகிறது. காரணம் நான்தான். அதை இப்போது சொல்கிறேன். அப்போது கேட்டிருந்தால் காரணம் அவன்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

நடந்தது இதுதான். வாஷிங் மெஷினிலிருந்து அழுக்குத் தண்ணீர் போவதற்கு நானே ஒரு பைப் போட்டேன். சும்மா போடவில்லை. மட்டக்கோல் வைத்து, உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை விடாமல், ஒரு நூல் பிசகாமல் போட்டேன். மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர்களையெல்லாம் அழைத்துப் போய்க் காட்டினேன். என் மேலதிகாரிகூட வந்திருந்தார். மச்சான் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "அத்தான், தண்ணி போற பைப்பு சரிவா இருக்கணும். இவ்வளவு மட்டமா போட்டா, டிக்கெட் எடுத்துக் குடுத்தாலும் தண்ணி நகராது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் சனி வந்து உட்கார்ந்தது. "இனிமே இந்த வீட்டுக்கு வர்றதா இருந்தா பைப்பு வேலைக்கு வா. சொந்தம் கிந்தம்னு வராதே" என்றேன். சிரிப்பு பட்டென்று நின்றது. மச்சான் சாப்பிடாமல் போய்விட்டான். மறுவாரம் யாருக்கும் தெரியாமல் அந்தப் பைப்பைப் பிடுங்கிச் சரிவாகப் போட்டேன். சொன்ன வார்த்தையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

நட்டு கசிய ஆரம்பித்ததற்கு மூன்று நாள் முன்புதான் ஒரு செய்தி வந்திருந்தது. மச்சானுக்குக் கடல் தாண்டி வேலை. புதிதாகக் கட்டுகிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பைப் போட வேண்டும், மூன்று வருட ஒப்பந்தம், இன்னும் பதினாறு நாளில் கிளம்புகிறான். இதை என் மனைவி என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து அறையில் மகளிடம், எனக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னாள். "போறதுக்கு முன்னாடி ஒரு வேளை இங்க வந்து, என் கையால சாப்பிட்டுட்டுப் போனான்னா போதும். வேற எதுவும் வேணாம் எனக்கு." நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வேண்டுமென்றே சத்தமாகத் திருப்பினேன்.

புதன்கிழமை நாலு மணிக்கு நட்டு மறுபடியும் சொட்டியது. வாஷர் தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி, கடைக்குப் போய்ப் புது வாஷர் வாங்கி வந்து போட்டேன். வியாழக்கிழமையும் சொட்டியது. வெள்ளை டேப்பைச் சுற்றினேன். வெள்ளிக்கிழமை சொட்டியது, இன்னும் சுற்றினேன். சனிக்கிழமை அந்த இடம் கட்டுப்போட்ட கால்போல வீங்கி நின்றது. சொட்டு மட்டும் நின்றபாடில்லை.

"ஆளைக் கூப்பிட்டா என்னங்க?" என்றாள் அவள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

"கூப்பிட மாட்டேன்."

"நான் யாரையும் மனசுல வச்சுச் சொல்லல. பொதுவா சொன்னேன்."

"பொதுவாவும் கூப்பிட மாட்டேன்."

மகளுக்குப் பதினேழு வயது. வாய் மட்டும் என்னைவிட மூத்தது. "அப்பா, அந்த நட்டு எந்த ஸ்டேஷன்ல ஏறுச்சுன்னு கேட்டீங்களா?" என்றாள். என்னிடம் ஒரு கொள்கை உருவாகியிருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் ரயில் பாதை போகிறது. ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அந்த அதிர்வில்தான் நட்டு தளர்கிறது என்று கண்டுபிடித்தேன். பதினொன்றரை மணி சரக்கு வண்டிமேல் எனக்குப் பலத்த சந்தேகம். அந்த வண்டி ஓட்டுநர் ஒருவரைப் பிடித்து, "எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் மெதுவா போங்க" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லீவு போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரிந்துகட்டிக்கொண்டு முழு வீட்டையும் சோதனை போட்டேன். எல்லாக் குழாயையும் மூடினேன். யாரும் கைகழுவக்கூட நகரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு வாசலில் இருந்த தண்ணீர் மீட்டருக்கு முன்னால் குந்தினேன். மீட்டருக்குள் சின்னதாக ஒரு சிவப்புச் சக்கரம் உண்டு. வீட்டில் ஒரு சொட்டும் செலவாகவில்லை என்றால் அது அசையாது. அன்று காலையில்தான் நட்டை இறுக்கியிருந்தேன். அங்கே கசிவே இல்லை. ஆனாலும் சக்கரம், நாம் பார்க்கவில்லை என்று நினைத்து மெல்ல நழுவுகிறவனைப்போல, நகர்ந்துகொண்டிருந்தது.

அப்படியானால் இன்னொரு கள்ளன் இருக்கிறான். கழிப்பறைத் தொட்டியாக இருக்கும் என்று தோன்றியது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மேலே இருக்கும் தொட்டித் தண்ணீரில் ஏதாவது சாயம் கலக்க வேண்டும். அரைமணி நேரம் யாரும் தண்ணீர் இழுத்துவிடக் கூடாது. அதற்குள் கீழே கோப்பையில் சாயம் தெரிந்தால், உள்ளே அடைக்கிற ரப்பர் ஒழுகுகிறது என்று அர்த்தம். வீட்டில் சாயம் இல்லாததால் இரண்டு பீட்ரூட்டை அரைத்து ஊற்றிவிட்டு, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். ஐந்தாவது நிமிடம் மகள் வந்தாள்.

"அப்பா, அவசரம்."

"இருபத்தஞ்சு நிமிஷம் பொறு."

"அப்பா, இது பொறுக்கிற விஷயம் இல்ல."

கடைசியில் அவள் எதிர்வீட்டுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக்காரர், "உங்க வீட்ல என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா டாய்லெட்டுக்கு வெளிய உட்கார்ந்து டிக்கெட் கேக்கறாரு" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அரைமணி கழித்துக் கதவைத் திறந்தேன். கோப்பை முழுக்க இளஞ்சிவப்பு! வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரப்பரை மாற்றினேன். மீட்டரில் சக்கரம் அசையாமல் நின்றது. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த தண்ணீரைப் பிடித்துவிட்டேன். மனைவியையும் மகளையும் கூப்பிட்டு நின்றுபோன சக்கரத்தைக் காட்டினேன். நின்றுபோன ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு நட்டு சொட்டியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நட்டை நன்றாக இறுக்கி, நட்டின்மேல் தொடங்கி வால்வுவரை கறுப்புப் பேனாவால் நேராக ஒரு கோடு போட்டேன். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சாயங்காலம் வந்து பார்த்தால் கோட்டின் ஒரு பாதி கிழக்கே, மறுபாதி வடக்கே. ஒரு சரக்கு வண்டி இவ்வளவு தூரம் திருப்பாது. எலி திருப்பாது. கை திருப்பும்.

நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி உள்ளே வந்தாள். "மணி என்னங்க ஆச்சு?" என்றாள். கடிகாரம் அவள் தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "நாலு இருபது" என்று ஒழுங்காகப் பதில் சொன்னேன். இருபத்தாறு வருட அனுபவம்!

என் சந்தேகம் மகள்மேல் போனது. கிண்டலுக்காகச் செய்கிறாள் என்று நினைத்து, கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். புதனும் வியாழனும் அப்படியும் சொட்டியது. வெள்ளிக்கிழமை இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று, சக ஊழியரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசல் வழியாக வரவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய், சமையலறை ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

என் மனைவி தரையில் மண்டியிட்டிருந்தாள். அலமாரிக்குள் இருந்த டப்பாக்களை எல்லாம் நனையாமல் ஒரு பக்கமாக எடுத்து வைத்திருந்தாள். நட்டுக்கு நேர் கீழே ஒரு கிண்ணம். கையில் ஸ்பேனர். நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனமாகக் கால் சுற்று சுற்றினாள். விரலை வைத்துப் பார்த்தாள். போதாது என்று இன்னும் துளி சுற்றினாள். சொட்டு விழுந்தது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. உரக்கக் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். அப்போது ஸ்பேனரின் பிடி கண்ணில் பட்டது. பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் கருவிகள் மாறிப்போகாமல் இருக்க, என் மச்சான் தன் சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் சுற்றுவான். பிறந்தநாள் அன்று வேலையிடத்திலிருந்து நேராக வந்தவன், கோபத்தில் விட்டுவிட்டுப் போன ஸ்பேனர் அது. இரண்டு வருடமாக எங்கேயோ என் கண்ணில் படாமல் வைத்திருந்திருக்கிறாள். அதைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றினாள். உடனே எழுந்துவிடவில்லை. அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, சொட்டுவதையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. பைப்பு வேலைக்கு வந்தால் வரலாம் என்று சொன்னவன் நான். அவள் என்னிடம் சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை, என் வார்த்தையை மீறவும் இல்லை. நான் சொன்னபடியே அவன் வரட்டும் என்று, வீட்டில் இல்லாத பைப்பு வேலையைத் தினமும் உண்டாக்கிக்கொண்டிருந்தாள். நான் தினமும் வீடு திரும்பி அதை இறுக்கிவிட்டு மார்தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில், கையில் செருப்போடு, என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று வெட்கப்பட்டேன்.

சத்தமில்லாமல் தெருவுக்குப் போய் இரண்டு மணிநேரம் சுற்றினேன். நாலு மணிக்கு வாசல் கேட்டைப் படார் என்று திறந்து, இருமிக்கொண்டே உள்ளே வந்தேன். நேராக சிங்க்குக்குப் போய், நட்டைப் பார்த்து, இடுப்பில் கைவைத்துப் பெருமூச்சு விட்டேன்.

"என்னால முடியாது. உன் தம்பியைத்தான் கூப்பிடணும்."

"எதுக்குங்க அவன்?" என்றாள். நடிப்பில் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டாள். "ஊர்ல வேற பிளம்பரே இல்லையா?"

"சரி, அப்ப வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

"இல்ல இல்ல! அவன் நம்பரை எடுங்க!"

நானே போன் செய்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தான். "பைப்பு வேலை இருக்கு" என்றேன். "அட்ரஸ் சொல்லுங்க சார்" என்றான். தன் சொந்த அக்கா வீட்டு விலாசத்தைக் கேட்கிறான்! கதவு எண், தெரு, எதிரே இருக்கும் மருந்துக்கடை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வேறென்ன செய்வது, கேட்கும்படி வைத்தவன் நான்தானே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. திங்கட்கிழமை அவனுக்குப் பயணம். கருவிப் பையோடு வாசலிலேயே நின்றான். ஆள் இளைத்திருந்தான். "பிளம்பர் சார்" என்றான்.

"வாங்க மாமா!" என்று மகள் துள்ளி வந்தாள். அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டான். தன் அக்காவைப் பார்த்து, "சிங்க் எங்க இருக்குங்க?" என்றான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேராப் போய் இடது பக்கம்" என்றாள். பாவம், அவளும் எத்தனை பேருக்குத்தான் நடிப்பாள்.

அலமாரிக்குள் தலையை விட்டான். "இவ்வளவு டேப் யார் சார் சுத்தினது? இந்த இடத்துல தண்ணிய நிறுத்தறது உள்ள இருக்கிற வாஷர். டேப்பு வெளிய நின்னு வேடிக்கைதான் பார்க்கும்." மகள் என்னைப் பார்த்தாள். நான் விழுங்கிக்கொண்டேன். டேப்பை எல்லாம் உரித்துப் போட்டு, வாஷர் மாற்றி, இறுக்கி, துடைத்து, காகிதத் துணுக்கு ஒன்றைச் சுற்றிவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தான். காகிதம் நனையவில்லை. பிறகு யாரும் கேட்காமலே வீட்டை ஒரு சுற்று பார்த்தான். வாஷிங் மெஷின் பைப்பின் சரிவைக் கையால் தடவினான். நான் சுவரில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்தேன்.

"டாய்லெட் ரப்பரை மாத்தினது யாரு?"

"நான்தான்."

"நல்லா மாத்தியிருக்கீங்க சார்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு வைத்திருந்தாள். அதிகாலையிலிருந்து சமைத்திருக்கிறாள். மச்சான் மேசையைப் பார்த்தான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "வேலை முடிஞ்சுது. நான் வர்றேன்."

"தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்டா."

"வேலைக்கு வந்த எடத்துல சாப்பிடக் கூடாதுங்க" என்றான், என்னைப் பார்த்து. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்பதற்குக் காலையில் கண்ணாடி முன்னால் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன். அதில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. அவன் வாசலை நெருங்கிவிட்டான். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நில்லுடா. இங்க வேலையே இல்ல. அந்த நட்டைத் தினமும் நான்தான் கழட்டிவிட்டேன்."

திரும்பினான். "என்னது?"

"நான்தான். நீ வரணும்னு. வான்னு சொல்ல வாய் வரல, அதான் நட்டைக் கழட்டினேன். அன்னிக்கு நான் பேசினது தப்பு. இது உன் அக்கா வீடு. வேலை இருக்கோ இல்லையோ, வா."

கரண்டி மேசைமேல் விழுந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஆமாண்டா, இவர் பண்ணின கூத்துதான் எல்லாம்! பதினோரு நாளா என் சமையக்கட்டு ஈரம். ஊர்ல எல்லாரையும் கையும் களவுமா பிடிக்கிறவர், சொந்த வீட்ல பண்ற வேலையைப் பார்த்தியா? வயசுக்கு ஏத்த புத்தி வேணாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள், "சரக்கு வண்டி டிரைவரைக்கூட மெதுவா போகச் சொன்னாரு மாமா" என்று எடுத்துக்கொடுத்தாள். மச்சான் சிரிக்க ஆரம்பித்தான். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. வாசற்கதவில் சாய்ந்துகொண்டு, பை தோளிலிருந்து நழுவி விழச் சிரித்தான். "போன்ல ஒரு வார்த்தை வாடான்னா வந்திருப்பேனே அத்தான்" என்றான். அத்தான் என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க நேரம் இல்லாததால் மறைக்கவில்லை.

கைகழுவி வந்து உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். அவன் உண்ண உண்ணப் போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது முறை அவன் தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதும்க்கா, எழுந்திரிக்க முடியாது" என்றான்.

"கையை எடு" என்று அவன் கையை விலக்கிவிட்டு மறுபடியும் போட்டாள். "போன ரெண்டு, இனிமே மூணு, அஞ்சு வருஷத்துச் சாப்பாடுடா இது."